நின்ற காரில் நிற்காத விசிறி: ஒரு பணிமனைச் சேவை குறித்து

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னும் ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டே இருந்த என் காரை ஒரு பணிமனையில் சரிசெய்து வாங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. இதுவரை அந்தக் குறை திரும்பவில்லை என்பதால், அந்தச் சேவையைப் பற்றி இப்போது தெளிவாக எழுத முடிகிறது.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் பானட்டைத் திறப்பதற்கு முன்பே, "எத்தனை நிமிடம் ஓடுகிறது சார்? எஞ்சின் ஆறிய பிறகும் ஓடுகிறதா?" என்று கேட்டார். வண்டி நின்ற பிறகு விசிறி ஓடுவதே பழுது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கேள்வியின் பொருளை அவரே விளக்கினார். பெரும்பாலான கார்களில் எஞ்சின் நின்றதும், கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) சுற்றவிடும் வாட்டர் பம்பும் நின்றுவிடுகிறது. அதுவரை கூலன்ட் சுமந்து சென்ற சூடு எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டிலேயே தேங்குவதால், அடுத்த சில நிமிடங்களுக்கு அங்கே வெப்பநிலை குறைவதற்குப் பதிலாகச் சற்று ஏறுகிறது. அதனால்தான் பல கார்களில், கட்டுப்பாட்டுக் கணினியே விசிறியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பிறகு நிறுத்தும்படி வடிவமைத்திருக்கிறார்கள். டர்போ எஞ்சின்களில் இது அடிக்கடி நிகழும். டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது பாதியில் எஞ்சினை நிறுத்தினாலும் விசிறி தொடர்ந்து ஓடலாம். இவற்றில் எதற்கும் பணிமனைக்குப் போக வேண்டியதில்லை.

என் வண்டியின் நிலை வேறு. பானட்டைத் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகும் விசிறி முழு வேகத்தில் சுழன்றது. ஒரு நாள் காலையில் ஸ்டார்ட்டர் அசையவே இல்லை. விசிறி மோட்டார் 15 ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைந்த நிலையில் இருந்தாலும் மூன்று மணி நேரத்தில் வற்றிவிடும். இதற்கு முன் நான் சென்ற வேறொரு பணிமனையில் எதையும் அளந்து பார்க்காமலேயே மோட்டாரோடு விசிறித் தொகுதி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். நன்றாகச் சுழலும், ஆனால் நிற்க மறுக்கும் விசிறிக்கு ஏன் புது மோட்டார் என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை.

இந்தப் பணிமனையில் வண்டியை ஓர் இரவு விட்டுச் செல்லச் சொன்னார்கள். மறுநாள் காலை எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, காரின் கணினி பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்தபோது, கூலன்ட் வெப்பநிலையும் எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இரவு முழுவதும் நின்ற வண்டியில் அவை அப்படித்தான் இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் பொய் சொல்லியிருந்தால் இந்த இடத்தில் பிடிபட்டிருக்கும். அந்தச் சென்சாரின் இணைப்பு அறுந்தால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகப் பல கார்கள் விசிறியை நிறுத்தாமல் ஓட்டும் என்பதால், முதலில் அதை விலக்கிக்கொண்டது சரியான வரிசை என்றே எனக்குப் படுகிறது. பிறகு வண்டியைச் சூடாகும் வரை ஓட்டிவந்து நிறுத்தி, ஆறவிட்டார்கள். கணினி "விசிறி நிறுத்தம்" என்று காட்டிய நேரத்தில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் பெட்டியில் இருந்த விசிறி ரிலேயை, அதாவது கணினியின் கட்டளைப்படி விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சை, மூத்த மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மெல்லத் தட்டினார். விசிறி உடனே நின்றது. ரிலேயின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டு, கணினி கட்டளையை நிறுத்திய பின்னும் பிரியாமல் இருந்திருக்கின்றன.

பலர் இந்த இடத்தில் புதிய ரிலேயைச் செருகிவிட்டு வேலையை முடித்திருப்பார்கள். இவரோ, தேய்ந்த மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தாலும் ரிலே இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்து மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் அளந்து, அது வரம்புக்குள் இருப்பதை எனக்கு நேரிலேயே காட்டினார். இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த ஓர் அளவீட்டைத்தான், ஏனெனில் இதைச் செய்யாமல் விட்டிருந்தால், மோட்டார் பழுதாக இருந்த பட்சத்தில், புதிய ரிலேயும் சில மாதங்களில் ஒட்டியிருக்கும். கடைசியில் மாற்றப்பட்டது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரிலே மட்டுமே; பழையதைக் கேட்காமலேயே கையில் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. ஓர் இரவு வண்டியை விட வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லியிருக்கலாம். ரசீதில் "மின் பழுது நீக்கம்" என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். இவ்வளவு கவனமாக எடுத்த அளவீடுகளை அதில் குறித்திருந்தால் அடுத்த முறை ஒப்பிட உதவியிருக்கும். வண்டியைத் திருப்பித் தரும்போது, எஞ்சின் நின்றிருந்தாலும் விசிறி எந்த நொடியிலும் சுழலத் தொடங்கலாம் என்பதால் அதன் அருகே கை வைக்க வேண்டாம் என்றும், சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்றும் எச்சரித்தார்கள். அதை எழுதி ஒட்டிவைத்தால் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும்.

இப்போது நீண்ட மேட்டுப் பாதையில் ஏறி வந்து நிறுத்தினால் விசிறி இரண்டு மூன்று நிமிடம் ஓடி, தானாகவே நின்றுவிடுகிறது. அந்தச் சில நிமிடங்கள் நானும் பேட்டரி இணைப்பைக் கழற்றப் போகாமல், அது தன் வேலையை முடிக்க விட்டுவிடுகிறேன்.