பல்லை நறநறக்கும் குழந்தைக்கு எது உதவும்: கடிக்கும் டியூபா, மொறுமொறு உணவா, நைட் கார்டா?

புலன் உணர்வுத் தேவைகள் உள்ள (சத்தம், தொடுதல், அழுத்தம் போன்றவை மற்றவர்களைவிட அதிகமாகவோ குறைவாகவோ வேண்டியிருக்கிற) சின்னக் குழந்தை பகலெல்லாம் பல்லை நறநறவென்று கடிக்கும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு உடம்பே கூசிப்போகும். அதனால்தான் யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிடுகிறது, "கடிக்காதே!" இங்கே அலசப்போகிற வழிகளில் கடைசி இடம் அதற்குத்தான். குழந்தை அடம்பிடித்துக் கடிப்பதில்லை. உடம்பு ஏதோ ஒன்றைக் கேட்கிறது, தாடை அதைக் கொடுக்கிறது. அந்தத் தேவைக்கு வேறு வழி காட்டாமல் நிறுத்தச் சொன்னால், அடுத்து சட்டைக் காலரோ விரலோ வாய்க்குள் போகும்.

எதையும் வாங்குவதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேச்சு வராத குழந்தைக்குக் காதுவலியையோ, சொத்தைப் பல்லையோ, நெஞ்செரிச்சலையோ சொல்லத் தெரியாது. பல்லைக் கடிக்கத் தெரியும். இரண்டு வயதை ஒட்டி இரண்டாவது கடைவாய்ப் பால் பற்களும், ஆறு வயதை ஒட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்களும் முளைக்கின்றன. அந்த நேரங்களில் ஈறு படுத்தும். கவனக்குறைபாட்டுக்கு (ADHD) கொடுக்கும் ஊக்க மருந்துகளும், பதற்றத்துக்கான சில மருந்துகளும்கூடப் பல் கடிப்பைத் தூண்டலாம். அப்படித் தோன்றினால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றில் பூச்சி என்று சொல்பவர்களும் உண்டு. பூச்சி இருந்தால் மருந்து கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டத்திலும் சத்தத்திலும் மட்டும் பல்லைக் கடிக்கிற குழந்தைக்கு அது விளக்கம் ஆகாது.

வலி இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஒப்பீடு. பெரும்பாலானோர் முதலில் வாங்குவது சிலிகான் கடிபொருள். இதில் இரண்டு வகை உண்டு: கழுத்தில் மாட்டும் பதக்கம், கையில் பிடிக்கும் நீளமான டியூப். என் ஓட்டு டியூபுக்கே. காரணம் எளிது. நறநறப்பது கடைவாய்ப் பற்கள். பதக்கம் பெரும்பாலும் முன்பற்களோடு நின்றுவிடும். குழந்தை அதைக் கடித்துக்கொண்டிருந்தாலும் தாடை மூட்டுக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது. டியூப் பக்கவாட்டில் பின்பற்கள் வரை போகும். இன்னொரு காரணம் பாதுகாப்பு. பல் முளைக்கும் குழந்தைகளுக்கும் புலன் தேவை உள்ளவர்களுக்கும் விற்கும் கழுத்துமாலை, கைவளை வகைகளைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. தூங்கும்போது மாலை இறுகி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்ததையும் அது குறிப்பிட்டது. எனவே கழுத்தில் எதுவும் வேண்டாம், தூக்கத்தில் நிச்சயமாக வேண்டாம். டியூபையும் தினமும் பார்க்க வேண்டும். கீறலோ கிழிசலோ தெரிந்தால் உடனே தூக்கிப் போடுங்கள். மிருதுவானதைச் சீக்கிரம் கடித்துத் துண்டாக்கும் குழந்தைக்கு இன்னும் கெட்டியான ரகம் தேவை.

உணவு இதற்கு நல்ல போட்டி. மொறுமொறுப்பானதும் நன்றாக மென்று தின்ன வேண்டியதும் தாடைத் தசைக்கு அதே வேலையைக் கொடுக்கும், அதோடு யாரும் குழந்தையை வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். கெட்டியான பானத்தை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும் இந்த வகைதான். ஆனால் நாள் முழுக்கத் தின்னக் கொடுக்க முடியாது, ஒட்டுகிற இனிப்பு பல்லைக் கெடுக்கும், நான்கு வயதுக்குக் கீழே பச்சைக் கேரட், கொட்டைகள், பாப்கார்ன் எல்லாம் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உள்ளவை. சாப்பாட்டு நேரங்களில் உணவு, நடுவில் டியூப் என்று பிரித்துக்கொள்வதே சரி.

இந்த இரண்டும் பலிக்காத குழந்தைகள் உண்டு, அவர்களைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பல் உரசும் சத்தம் எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகிறது. நமக்குக் கேட்பதைவிட அவர்களுக்கு அது பெரிதாகக் கேட்கும். வெளியே இரைச்சல் தாங்காதபோது அந்த உள்சத்தம் ஒரு திரை. அப்படிப்பட்ட குழந்தையிடம் டியூபைக் கொடுத்தால் கீழே போட்டுவிடும், ஏனென்றால் அது கேட்டது அழுத்தம் இல்லை. இரைச்சலைக் குறையுங்கள், காதை மூடும் ஹெட்போன், அமைதியான மூலை, சேர்ந்து 'ம்ம்ம்' என்று முனகுவது, இவற்றை முயன்று பாருங்கள். அதிர்வு பிடித்த குழந்தைக்கு பேட்டரி டூத்பிரஷின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைக்கலாம், குழந்தை தானே பிடித்துக்கொண்டால் மட்டும். முகத்தைத் தொட்டாலே விலகும் குழந்தையிடம் வற்புறுத்தினால், பல் தேய்ப்பதும் சேர்ந்து கெடும்.

எந்தக் குழந்தை எந்த வகை? ஒரு வாரம் சும்மா கவனித்து எழுதுங்கள்: எப்போது, எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. சும்மா இருக்கும்போது கடிக்கிறதா, கூட்டத்தில் கடிக்கிறதா என்பதிலேயே பாதி விடை வந்துவிடும். அந்தக் குறிப்போடு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளுக்கும் புலன் தேவைகளுக்கும் பயிற்சி தருபவர்) போனால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

தள்ளுவது, இழுப்பது, ஏறுவது, கனமானதைச் சுமப்பது போன்ற உடம்பு முழுக்கச் செய்யும் வேலைகளையும் தெரபிஸ்ட் சொல்வார். பல் கடிப்புக்கென்று இதற்குப் பெரிய ஆய்வு ஆதாரம் இல்லை. ஆனாலும் நான் பரிந்துரைப்பேன்: ஆபத்து குறைவு, குழந்தைக்குப் பிடிக்கும், வாயோடு மல்லுக்கட்டாமலே உடம்பு அமைதியாகிறது. படுக்கும் முன் கன்னத் தசையை மெதுவாக வட்டமாக அழுத்திவிடுவதும் அப்படியே, குழந்தை சம்மதித்தால்.

இரவு வேறு கதை. தூக்கத்தில் கடிப்பது நினைவோடு நடப்பதில்லை; பகலுக்கான கருவிகள் அங்கே உதவாது. நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லின் மேல் மாட்டும் உறை, கேட்டு வருபவர்களைப் பல் டாக்டர்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. தாடை வளர்கிறது, ஆறு வயதிலிருந்து பால் பற்கள் விழுகின்றன, கார்டு சீக்கிரமே பொருந்தாமல் போகும்; வாய்க்குள் எதையும் தாங்காத குழந்தை அதைப் போட்டுக்கொள்ளவும் செய்யாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரவுக் கடிப்பு வளர வளரத் தானாகக் குறைந்துவிடும். கடைவாய்ப் பால் பல் மிகவும் தேய்ந்தால், அதன் மேல் ஸ்டீல் கேப் போடும் வழி இருக்கிறது.

ஆனால் குறட்டையும் வாயால் மூச்சு விடுவதும் சேர்ந்திருந்தால் கார்டைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, தொண்டையில் உள்ள டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையையும் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றை அகற்றிய பிறகு பல குழந்தைகளுக்குப் பல் கடிப்பும் குறைந்திருக்கிறது. பல் சில்லுப் பெயர்ந்தாலோ, காலையில் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ, குளிர்ந்த தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.