பூட்ஸா, ட்ரெயில் ஷூவா, சாண்டலா? நம் மலைக்கு எது சரிப்படும்

கர்நாடகத்தில் உள்ள குமார பர்வதத்தின் உச்சி 1,712 மீட்டர்தான். ஆனால் அங்கிருந்து குக்கே சுப்பிரமணியாவுக்கு இறங்கும் வழி முழங்காலைப் பதம் பார்த்துவிடும். பாதி இறக்கத்தில் என் வலது பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. பத்து நிமிடத்தில் மொத்தமாகக் கழன்று கையோடு வந்தது. கூட வந்த நண்பர் கூடாரக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். மிட்டாய்க் கடைப் பொட்டலம் மாதிரி காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மீதி வழியை நொண்டி முடித்தேன்.

அந்த பூட்ஸ் வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. போட்டது நாலே தடவை. மற்ற நாளெல்லாம் பரண்மேல், பெட்டிக்குள். பசை மோசம் என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கனமான பூட்ஸ் பலவற்றில் பாதத்துக்கும் ரப்பர் அடிக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரை இருக்கும். சுமையோடு நடந்தாலும் எளிதில் அமுங்காது என்பதற்காக அதை வைக்கிறார்கள். ஆனால் காற்றின் ஈரம் அதை மெல்லச் சிதைக்கும். போடாமல் வைத்தாலும் சிதையும். சில வருடத்தில் உள்ளே ரஸ்க் மாதிரி உதிர்ந்துவிடும். கடற்கரை ஊர் வீடுகளின் ஈரக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலைப்பாதையில் ஓடவும் நடக்கவும் செய்யப்படும் இலேசான ட்ரெயில் ஷூக்களில் பெரும்பாலும் இருப்பது ஈ.வி.ஏ என்ற வேறு வகை நுரை. அதற்கு இந்த வியாதி இல்லை. ஆனால் நடக்க நடக்க அமுங்கித் தட்டையாகும். ஆக, பூட்ஸ் சும்மா இருந்தே கெட்டுப்போகும், ட்ரெயில் ஷூ உழைத்துத் தேயும். வருடத்துக்கு ஒரு மலை ஏறுபவர் இதை யோசித்துவிட்டுக் காசைக் கொடுக்கலாம்.

அடுத்தது எடை. கணுக்கால்வரை மூடும் பூட்ஸ் ஒரு ஜோடி ஒரு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். ட்ரெயில் ஷூ அறுநூறு கிராம் சுற்றளவில் முடிந்துவிடும். முதுகில் நானூறு கிராம் கூடினால் தெரியாது. காலில் கூடினால், ஒவ்வொரு எட்டுக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டும். ஓட்டக்காரர்களை வைத்துப் பார்த்த ஆய்வுகளில், ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடினால் செலவாகும் சக்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுகிறது. நடைக்கு இதே கணக்கை அப்படியே வைக்க முடியாதுதான். இருந்தாலும் மதியம் மூன்று மணிக்கு மேல் தொடை சொல்லிவிடும்.

'கணுக்கால் பிசகாமல் இருக்க பூட்ஸ்தான் வேண்டும்' என்று கடையில் முதலில் சொல்வார்கள். நானும் நம்பித்தான் வாங்கினேன். உயரமான கழுத்து கல்லிலிருந்தும் முள்ளிலிருந்தும் காக்கும், அது நிஜம். சுளுக்கைத் தடுக்குமா என்றால், ஆய்வுகள் ஒரே குரலில் ஆமாம் சொல்லவில்லை. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி, 67 வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதையின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரைத் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. அதற்காக எல்லோரும் கேன்வாஸ் போடுங்கள் என்று சொல்லவில்லை. முதுகில் பதினைந்து கிலோ ஏற்றிக்கொண்டு, உருளும் கற்களில் நாள்கணக்கில் நடப்பதானால் நானும் பூட்ஸையே எடுப்பேன்.

இனி தண்ணீர். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாதி முடிவை இதுதான் எடுக்கிறது. நீர்புகாத பூட்ஸ் என்றால் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். காலைப் பனி படிந்த புல்லில் நடக்கும்போது அருமையாக வேலை செய்யும். ஆனால் ஜூன், ஜூலையில் வால்பாறைப் பக்கமோ கர்நாடகத்தின் ஆகும்பே பக்கமோ போனால், ஓடைத் தண்ணீர் பூட்ஸின் கழுத்துக்கு மேலாக உள்ளே இறங்கும். கொட்டும் மழையும் கால் வழியே வழிந்து சாக்ஸுக்குள் போகும். வெளியிலிருந்து நீரை விடாத அதே சவ்வு, உள்ளே போனதை வெளியே விடாது. இரண்டு வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நடப்பது போலத்தான். மறுநாள் காலையிலும் காய்ந்திருக்காது. வலைத்துணி ட்ரெயில் ஷூ முதல் ஓடையிலேயே நனைந்துவிடும், ஆனால் இருபது எட்டு எடுத்து வைத்தால் பாதித் தண்ணீர் பிதுங்கி வெளியேறிவிடும். பருத்தி சாக்ஸ் மட்டும் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போட வைக்கும்.

வலைத்துணியிலும் குறை இருக்கிறது. உண்ணிச்செடிப் புதரில் இரண்டு தடவை உரசினால் கிழியும். அடி மெல்லிசாக இருந்தால் கூர்க்கல் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் தெரியும்.

அடி என்றதும் ஒன்று. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்த விபத்துக்குப் பிறகு, விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடியை உருவாக்கினார். ஷூ அடிகளில் பார்க்கும் விப்ரம் என்ற பிராண்டின் பெயர், அவர் பெயரைச் சுருக்கி வைத்ததுதான். சேற்றையும் சரளையையும் அந்தப் பற்கள் கவ்வும். ஆனால் பாசி படிந்த வழுக்குப் பாறையில் பற்களைவிட ரப்பரின் மென்மைதான் பேசும். நீண்ட நாள் உழைக்கட்டும் என்று கெட்டி ரப்பர் போட்ட பூட்ஸ் அங்கே சோப்புக்கட்டி மாதிரி சறுக்கும். கடையில் கட்டைவிரல் நகத்தால் அடியை அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்க வேண்டும். விலைச்சீட்டைப் படிப்பதைவிட இது பயன்படும்.

சாண்டலை நிறையப் பேர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பின்வார் உள்ள, கெட்டியான அடி கொண்ட சாண்டலைச் சொல்கிறேன், வீட்டுச் செருப்பை அல்ல. ஓடைக்குப் பின் ஓடையாகக் கடக்கும் வழியில் இதை அடிக்க ஆளில்லை. இந்த மாதிரியை 1984-இல் தொடங்கி வைத்தவரே கிராண்ட் கேன்யன் ஆற்றுப் படகு வழிகாட்டி ஒருவர்தான். அட்டை விஷயத்திலும் சாண்டல் நினைக்கிற அளவு மோசமில்லை. ஷூவுக்குள் புகுந்த அட்டை ரத்தம் குடித்து உருண்ட பிறகுதான் தெரியும். சாண்டலில் ஏறும்போதே கண்ணில் படும், சுண்டிவிடலாம். மூடிய ஷூ என்றால் முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸ் இல்லாமல் மழைக்காலத்தில் போகவே வேண்டாம். சாண்டல் கைவிடுவது செங்குத்து இறக்கத்தில்: பாதம் முன்னால் வழுக்கும், விரல் நேராகக் கல்லில் மோதும். சரளை உள்ளே புகுவது தனித் தொல்லை.

வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் மூங்கில் கம்பை ஊன்றி வெறுங்காலோடு ஏறுபவர்கள் என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அது வேண்டுதல், இந்தக் கணக்குக்குள் வராது. ஆனால் அந்தக் கம்பு வரும். எந்த பூட்ஸைவிடவும் இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான் என்பது என் அனுபவம்.

நீலகிரி, மூணாறு, கொடைக்கானல் பக்கம் ஒருநாள், இரண்டு நாள் நடைக்கு என் ஓட்டு மென்மையான ரப்பர் அடி போட்ட ட்ரெயில் ஷூவுக்கு. இமயமலைப் பனியில் நடப்பதானால் பேச்சே வேறு. அங்கே ஈரமான கால் ஆபத்து, நீர்புகாத பூட்ஸ்தான் வேண்டும்.

எதை வாங்கினாலும் சாயங்காலம் கடைக்குப் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுப் பாருங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடைப் படிக்கட்டில் நாலைந்து தடவை தடதடவென்று இறங்குங்கள். கட்டைவிரல் முன்னால் முட்டினால் அரை அளவு பெரிதாகக் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். முட்டுகிற ஷூவோடு ஆயிரம் மீட்டர் இறங்கினால் நகம் கறுத்து, ஒரு மாதத்தில் தானாக விழும். எனக்கு இரண்டு விழுந்திருக்கிறது.