கியர்பாக்ஸ் ஆயில் பில்டரை மாற்றாமலே 18,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: மலையில் ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். செய்யாத வேலைக்கு என்னிடம் 18,400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். நேற்றுதான் தெரிந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றக் கொடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய டபுள் கேபின் பிக்கப். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் என் கணவரால் கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் ஆட்டோமேட்டிக்காகத் தேடி செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். இப்போது பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன். கேரட், பீட்ரூட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவது, வரும்போது உரம் ஏற்றிக்கொண்டு ஏறுவது. இந்த ஏற்றம்தான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிழிந்து எடுக்கும். அதில் கிளட்ச் பெடலுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினின் இழுவை ஆயில் வழியாகத்தான் கியருக்குப் போகும். லோடோடு கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது அந்த ஆயில் கொதித்துக் கெடும். ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தபோது ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. சரி, மாற்றிவிடலாம் என்று கொடுத்தோம்.

எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் அது. லிஃப்ட் எல்லாம் இருக்கிறது, சுத்தமான இடம். ஓனர் உட்கார வைத்து டீ கொடுத்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஆயில் 9 லிட்டர் 9,900, பில்டரும் கேஸ்கெட்டும் 5,200, கூலி 3,300. “அக்கா, மத்த இடத்துல ஆயில் வடிக்கிற டிரெயின் நட்டை மட்டும் கழட்டி விட்டுட்டு அனுப்பிருவாங்க. நாங்க கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கிற தட்டு, அந்த ஆயில் பேனையே இறக்கி, உள்ள இரும்புத் தூளைப் பிடிக்கிற மேக்னட்டைத் துடைச்சு, பில்டர் மாத்தித்தான் தருவோம்” என்றார். தான் செய்யப்போகிற திருட்டை அடுத்தவர்கள் செய்வதாகச் சொல்லித்தான் என்னை நம்ப வைத்தார்! சாயங்காலம் ஒரு தட்டில் கறுத்துப்போன பில்டரைக் கொண்டுவந்து, “உங்க வண்டியில இருந்ததுதான், பாருங்கக்கா” என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு 18,400 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

அதே வாரம், உர மூட்டையோடு திரும்பும்போது குஞ்சப்பனை தாண்டி வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இருட்டுகிற நேரம், யானை நடமாடுகிற ரோடு, பக்கத்தில் என் மகள். அந்தப் பயத்துக்கு யார் பில் கொடுப்பது?

போன் செய்தால் முதலில், “புது ஆயில் செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும்க்கா.” அப்புறம், “பழைய வண்டின்னா அப்படித்தான்.” அப்புறம், “நீங்க மேட்டுல ஓட்டுற விதம் சரியில்ல.” அதற்கும் மேல், “வீட்ல அண்ணாவைப் பேசச் சொல்லுங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியாது.” இந்த மலையில் தினமும் லோடு ஓட்டுகிற என்னிடம்! இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. நேரில் போனால் ஓனர் எப்போதும் வெளியூரில்தான்.

நேற்று கோத்தகிரியில் வயதான மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். பேன் போல்ட் எதிலும் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. பழைய சேறும் துருவும் அப்படியே. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இறக்கினால் பழைய பில்டர், மேக்னட்டில் தடிமனாகச் சாம்பல் நிறப் பசை. டிரெயின் நட்டை மட்டும் கழற்றி, வந்ததை எடுத்துவிட்டு ஏதோ மலிவு ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் அளவு குறைவாக. ஒரு முறை வடித்தால் பாதிகூட வராதாம், மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் நின்றுவிடும். அளவும் குறைந்து, ஏற்றத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். பிரஷர் இல்லாமல் உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகள் வழுக்கும். குஞ்சப்பனையில் நடந்தது அதுதான் என்றார். அப்படியானால் அந்தத் தட்டில் காட்டியது யார் வண்டிப் பில்டர்? 18,400 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது அந்தக் காட்சி மட்டும்தான். இப்போது அதே வேலைக்கு இன்னொரு முறை செலவு.

கவனிக்க வேண்டியது: பேன் இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், “சாயங்காலம் வாங்க” என்றால் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஆயில் டப்பாவை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி, வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் வகைதானா என்று பாருங்கள். ஆயில் அளவைச் சமதளத்தில், புத்தகத்தில் சொன்ன சூட்டில்தான் பார்க்க வேண்டும். பில்லில் ஆயில் பெயர், லிட்டர், பில்டர் நம்பர் எல்லாம் தனித்தனியாக வேண்டும். எனக்குக் கொடுத்த பில்லில் “கியர்பாக்ஸ் சர்வீஸ் 18,400” என்று ஒரே வரி.

1915-ல் நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்துவிட்டேன். அவர் எழுதிய தாள், ஜிபே ரசீது, நேற்று கழற்றிய பில்டர், போல்ட் போட்டோ எல்லாம் வைத்திருக்கிறேன். பணம் வரவில்லையென்றால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால் பில்லோடு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.