பழைய 8 எச்.பி. மோட்டார் படகு: மோட்டார் தங்கம், பெட்ரோல்தான் எமன்

ஏரியூர் நண்பர் ஒருவர் கேட்டார்: கடற்கரையிலிருந்து 14 அடி ஃபைபர் படகும் 8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் மோட்டாரும் சேர்ந்து விலைக்கு வருகிறது, மேட்டூர் அணைத் தண்ணீரில் ஓட்ட எடுக்கலாமா? நாகமரைப் பக்கம் அதே ஜோடியை வெகுநாளாக ஓட்டுவதால் எழுதுகிறேன். எடை, வேகம் எல்லாம் அவருக்கே தெரியும். சொல்ல வேண்டியது பெட்ரோலைப் பற்றி.

இப்போது பங்கில் பிடிப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அளவு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீர் விட்டு, மேலே 90 மி.லி. பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து இரண்டு அடுக்காகும். அடியில் நிற்பது 10 இல்லை, 20-ஐத் தாண்டியிருக்கும். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்ததன் கணக்கு அது. பாதி காலியான டேங்க் கரையில் வாரக்கணக்கில் கிடந்தால், உள்ளே இருக்கும் காற்றின் ஈரமும் மூடி வழியே கசியும் மழைநீரும் இதே வேலையைச் செய்யும். டேங்கின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். மோட்டாரின் உராய்வுக்காகப் பெட்ரோலில் கலந்த டூ ஸ்ட்ரோக் ஆயிலோ பெட்ரோலோடு மேலேயே தங்கிவிடும். ஆக, மோட்டாருக்குள் முதலில் போவது ஆயில் இல்லாத சாராயத் தண்ணீர். பிஸ்டன் இறுகுவது இப்படித்தான்.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் கார்ப்பரேட்டர் அடைக்கும். கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பசை. பெட்ரோல் வரும் நுண்துளையான மெயின் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் கலவை மாறிவிடும். கார்ப் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றடித்து ஊதினால் போதும். பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உரிந்து துகளாக வரும். பெட்ரோல் பம்பின் டயாப்ரம், அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, விறைத்துப் போகும். படகு வாங்கிய கையோடு ஹோஸ், அதன் நடுவே பெட்ரோலை ஏற்ற அமுக்கும் ரப்பர் கைப்பந்து, டயாப்ரம், கார்ப்பரேட்டர் கேஸ்கெட் நான்கையும் மாற்றிவிடுங்கள். கைப்பந்தின் அம்புக்குறி மோட்டாரைப் பார்க்க வேண்டும். ஹோஸ் நடுவில் 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றால் முதலில் கைப்பந்தைத் தொட்டுப் பாருங்கள். சப்பையாக ஒட்டியிருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறக்கவில்லை. அமுக்க அமுக்க மோட்டார் உயிர் பிடித்தால் பம்பிலோ ஹோஸ் இணைப்பின் ஓ-ரிங்கிலோ கோளாறு. கெட்டியாக இருந்தும் திராட்டில் கொடுத்ததும் அணைந்தால் ஜெட் அடைப்பு.

ஒரு லிட்டருக்கு 20 மி.லி. ஆயில், அதாவது 50-க்கு 1. டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு ஆயில்தான் ஊற்ற வேண்டும், ஸ்கூட்டர் ஆயில் ஆகாது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். கரைக்கு வந்ததும் ஹோஸைக் கழற்றிவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும்போதே மோட்டார் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். மிச்சக் கலவை புதிதாக இருக்கும்போதே டேங்கைக் காலி செய்துவிடுங்கள். இவ்வளவையும் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும் என்பதுதான் எரிச்சல். இதில் மோட்டார்மேல் குற்றமே இல்லை. அது செய்யப்பட்ட காலத்துப் பெட்ரோல் வேறு.

மற்றபடி இந்த மோட்டாரைப் போல நியாயமான இயந்திரம் கிடைக்காது. பைக் மெக்கானிக்குக்குப் புரியும், ஒரே பையில் அடங்கும் சாமான்களால் முழுக்கக் கழற்றலாம். கடலிலிருந்து வந்ததென்றால் மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் உள்வழிகளில் உப்பு இறுகியிருக்கும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் கழிக்கும் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டி, புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு மூழ்கும்வரை நல்ல தண்ணீர் நிரப்பி ஓடவிடுங்கள். பின்னால் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் உடனே அணைத்துவிட்டு, அந்தத் துளையில் தடித்த தூண்டில் நரம்பை விட்டுப் பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருப்பது சகஜம். துளை சுத்தமாக இருந்தும் வரவில்லையென்றால் கோளாறு இம்பெல்லரில், அதாவது அந்தத் தண்ணீரை ஏற்றும் ரப்பர் சக்கரத்தில். விற்பவர் என்ன சொன்னாலும் அதைப் புதிதாகப் போடுங்கள். நாள்பட்ட இம்பெல்லரின் இறக்கைகள் ஒரே பக்கம் வளைந்து அப்படியே நின்றிருக்கும்.

கியர் ஆயில் பால் மாதிரி வந்தால், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் சீல் போய்விட்டது. அணையில் இதற்குக் காரணம் பெரும்பாலும் வலை. கொண்டை ஊசியை இழுத்து, நட்டைக் கழற்றி, புரொப்பல்லரை உருவினால் தண்டில் நைலான் இழை சுற்றிச் சுற்றி, சூட்டில் உருகி, வளையம் மாதிரி இறுகியிருக்கும். அது சீலின் உதட்டை அறுத்துவிடும். வலை போட்ட பகுதி வழியாக வந்தால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழியும்வரை விட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே தங்கிவிடும்.

படகில் பார்க்க வேண்டிய ஒரே இடம் மோட்டார் மாட்டும் பின்பலகை. சுத்தியல் பிடியால் தட்டுங்கள். டொக்கென்று கெட்டியாகக் கேட்டால் சரி, மந்தமாகக் கேட்டால் உள்ளே பிளைவுட் ஊறிப்போயிருக்கிறது. மோட்டார் காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை, பிடித்து ஆட்டும்போது பலகை அசைந்தால் பேச்சே வேண்டாம்.

அணை நிறைமட்டம் 120 அடி. அணைக்குள் மூழ்கிய பழைய கோயிலின் பண்ணவாடி நந்தி வெளியே தெரியும் அளவுக்கு நீர் இறங்கினால் பாறையும் பழைய சுவரும் தண்ணீருக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கும். முன்னோக்கிப் போகும்போது காலின் பூட்டை எடுத்துவிடுங்கள், இடித்தால் தானே மேலே தூக்கிக்கொள்ளும். ரிவர்ஸில் மட்டும் பூட்டுங்கள். மோட்டார் வைத்த படகுக்கு 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் காகிதம் கேளுங்கள். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் துறையை விட்டு நகர வேண்டாம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்காதீங்க. வாரம் மூன்று நாள் ஓட்டுகிறவருக்கு இது சொத்து. பண்டிகைக்குப் பண்டிகை ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் கார்ப்பரேட்டரைத்தான் கழற்றிக்கொண்டிருப்பார். பலகை கெட்டியாக இருந்தால் படகுக்கு மட்டும் விலை பேசுங்கள், பின்பலகையின் உயரத்தையும் அளந்து வையுங்கள். 15 அங்குலமா 20 அங்குலமா என்று தெரியாமல், கால் நீளம் பொருந்தும் வேறு மோட்டார் பார்க்க முடியாது.