குரல் இருந்தால் படம் இல்லை, படம் இருந்தால் குரல் இல்லை

'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' சிறப்புப் பதிப்பின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். 1990இல் வந்த கடற்கொள்ளையர் கதைக் கணினி ஆட்டம், 2009இல் புதுப் படங்களும் பேச்சும் சேர்ந்து மறுபடி வந்தது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பல வருடங்களாக ஆடுகிறவனுக்கு மட்டும் தெரிந்த எரிச்சல் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

எஃப் 10 விசையை அழுத்தினால் புதுப் படம் மறைந்து, புள்ளி புள்ளியான பழைய படம் வரும். அருமையான ஏற்பாடு. ஆனால் படம் மாறியதுமே குரல் நின்றுவிடும்! பழைய படத்தில், கதை தொடங்கும் மெலே தீவின் இரவு நீலம் அவ்வளவு அழகு. புதுப் படத்திலோ கதாநாயகன் கைபிரஷின் தலைமுடியைப் பார்க்கவே சகிக்கவில்லை. அவனுக்குக் குரல் கொடுத்த டொமினிக் அர்மாட்டோவுக்காக அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மங்கித் தீவில் ஆண்டுக்கணக்காகத் தனியாகக் கிடக்கும் ஹெர்மன் டூத்ராட் வரும் இடங்களில்தான் மனசு ரொம்ப அடித்துக்கொள்ளும். அவரும், பேய்க் கொள்ளையன் லெசக்கும், நரமாமிசம் தின்னும் கூட்டமும் ஒருவருக்கொருவர் எழுதிப் போட்ட கடிதங்கள் தீவெங்கும் கிடக்கும். வாழைப்பழம் பறிக்கும் கருவியைத் திருப்பித் தராத சண்டையெல்லாம் அதில் வரும். ஆள் இல்லாத தீவில் இப்படி ஒரு அக்கம்பக்கத் தகராறு! எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வருகிறது. அப்புறம் ஹெர்மனே எதிரில் வந்து பேசும்போது அந்தக் கிழக்குரலையும் கேட்க வேண்டும், பழைய காட்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

சிறைப் பூட்டை 'கிராக்' (grog) ஊற்றிக் கரைக்கும் இடம் இன்னொரு தொல்லை. கோப்பையையே அரித்துவிடும் சாராயம் அது. வழியெல்லாம் ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே ஓட வேண்டும். பழைய திரையில் 'எடு', 'கொடு', 'பேசு' போன்ற கட்டளைகளும் கையிலுள்ள பொருள்களும் கீழேயே கண்ணுக்கு முன் இருக்கும். புதியதில் எல்லாவற்றையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அங்கே வந்தால் நான் யோசிக்காமல் எஃப் 10 அழுத்திவிடுவேன்.

செய்ய முடியாத காரியமா என்றால் இல்லை. இரண்டாம் பாகத்தின் 2010 பதிப்பில் பழைய படத்தோடு குரலும் கேட்கிறது. முதல் பாகத்துக்கு ரசிகர்களே இரண்டையும் இணைத்துக் காட்டிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பதிப்பில் மட்டும் இன்றுவரை இல்லை.

வாள் சண்டையில் ஜெயிக்க வாய்ச்சண்டை கற்க வேண்டும் என்று யோசித்த மூளைகளுக்கு நான் என்றும் ரசிகன். ஆட்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து. இந்தப் பதிப்புக்கு இரண்டுக்கு மேல் கை வரவில்லை. சரி, வாங்கலாமா? இன்றைக்கே வாங்குங்கள். முதல் தடவை முழுக்கப் பழைய படத்திலேயே ஆடுங்கள், ஹெர்மன் வரும்போது மட்டும் எஃப் 10.