அம்மாவுக்கு மூன்று கணவர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் போட்டோஸ்டேட் கடையில் இப்போது குடும்ப மரமும் போட்டுத் தருகிறார்கள். அம்மாவின் 90வது பிறந்தநாளுக்காக எல்லோருடைய ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திர நகல்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் அச்சு வந்தபோது அம்மாவுக்கு மூன்று கணவர்கள்: கோவிந்தசாமி, கோவிந்தாசமி, கோபிந்தசாமி. படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. என் பத்திரத்தில் ஒன்று, அண்ணனுடையதில் ஒன்று, தங்கையுடையதில் இன்னொன்று. கணினி மூன்று ஆளாக்கிவிட்டது. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாதாம், அதில் எல்லா ஆண்களுக்கும் 'ஏஎல்' என்று போட்டிருந்தார்கள். அனாக் லெலாக்கிதான், வேறென்ன. மலாயில் 'இன்னாரின் மகன்' என்று அர்த்தம், அப்பா பெயருக்கு முன்னால் வருவது.

கடைக்காரத் தம்பியிடம் யூதர்களைப் பற்றிச் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு படித்தது. அவர்களில் பலருக்கும் முன்பு நம் மாதிரிதான், இன்னார் பென் இன்னார். பென் என்றால் மகன். ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1787இல், நெப்போலியன் 1808இல், நிலையான குடும்பப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று ஆணை போட்டார்கள். தையற்காரர் ஷ்னைடர் ஆனார். ரஷ்யப் பக்கம் ரிவ்கா என்ற பெண்ணின் பெயரிலிருந்து ரிவ்கின் வந்தது. அமெரிக்காவில் எல்லிஸ் தீவுக் குமாஸ்தாதான் தாத்தா பெயரை மாற்றினார் என்பார்கள், அது கட்டுக்கதை. அங்கே கப்பல் பட்டியலை வைத்துச் சரிபார்த்ததோடு சரி. பெரும்பாலும் பிறகு அவர்களே மாற்றிக்கொண்டார்கள்.

"அப்போ நம்ம தோட்டத்துக் குமாஸ்தா, அதான் கிராணி, பேரைத் தப்பா எழுதின கதையும் பொய்யா ஐயா?"

"அது நிஜம் தம்பி. 22 வருசம் நானே கிராணி." காளியப்பனைக் கலியப்பன் என்று செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) எழுதிய கை இது.

தம்பி மூன்று அப்பாவையும் ஒரே கட்டத்தில் சேர்த்தார். எழுத்தைத் திருத்தட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பெயருக்குக் கீழே மூன்று எழுத்தையும் சின்னதாகப் போட்டு, எது யார் பத்திரத்தில் இருக்கிறது என்றும் குறித்துக் கொடுத்தார். 'ஏஎல்' போய்விட்டது. இந்த வேலைக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

ஏ3 அளவில் லேமினேட் செய்து 45 வெள்ளி (ரிங்கிட்). தாள் தடிமன், ஆனால் பச்சை மை கொஞ்சம் மங்கல். சம்பள வாரத்தில் மட்டும் போகாதீர்கள், கால் வைக்க இடமிருக்காது.