விர்ச்சுவாசிட்டி: கண்ணாடியால் காயம் ஆற்றும் கொலைகாரன்

காவலர்களின் பயிற்சிக்காக மெய்நிகர் உலகில் உருவாக்கப்பட்ட ஒரு கொலைகாரன் நிஜ உலகிற்குள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியே, பிரெட் லியோனார்ட் இயக்கி 1995இல் வெளிவந்த 'விர்ச்சுவாசிட்டி' படத்தின் கரு. பல தொடர் கொலையாளிகளின் மனக்கூறுகளைக் கலந்து செய்யப்பட்ட சிட் 6.7, நானோ தொழில்நுட்பத்தாலான உடலைப் பெற்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இறங்குகிறான். அவனைப் பிடிக்கச் சிறையிலிருக்கும் முன்னாள் காவலர் பார்க்கர் பார்ன்ஸ் வெளியே கொண்டுவரப்படுகிறார்.

சிட்டாக நடிக்கும் ரஸ்ஸல் குரோதான் படத்தின் உயிர். பட்ட காயத்தைக் கண்ணாடியைக் கொண்டு ஆற்றிக்கொள்ளும்போதும், இரவு விடுதியில் சிக்கியவர்களின் அலறல்களைப் பதிவுசெய்து இசையாகக் கோக்கும்போதும், புதிதாகக் கிடைத்த உடலைக் கொண்டாடும் ஒரு குழந்தையின் குதூகலம் அவர் முகத்தில் தெரிகிறது. அந்தக் குதூகலமே நம்மை நடுங்க வைக்கிறது.

டென்சல் வாஷிங்டன் பார்ன்ஸின் துயரத்தை அடக்கமாக வெளிப்படுத்துகிறார். தம் மனைவியையும் மகளையும் கொன்றவனின் மனமும் சிட்டுக்குள் கலந்திருக்கிறது என்பதைவிடக் கொடிய செய்தி அவருக்கு இருக்க முடியாது. ஆயினும் திரைக்கதை அந்த வலியில் நிலைத்து நிற்காமல் அடுத்த துரத்தலுக்கு ஓடிவிடுவது எனக்குப் பெரும் ஏமாற்றம். உளவியலாளராக வரும் கெல்லி லிஞ்சுக்கும் போதிய இடமில்லை. கணினி வரைகலை இன்று பழமையாகத் தோன்றினாலும், குரோவின் நடிப்புக்காகவே இதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.